மத்திய அலை, நெட்டலை வானொலிகளின் சட்ட ஏரியல்: ஒரு வரலாறு

பழைய டியூனர் ஒன்றில் மத்திய அலையோ நெட்டலையோ சரியாகக் கேட்கவில்லை என்றால் பெரும்பாலானோர் முதலில் பெட்டியைத் திறக்கிறார்கள். பழுது பெட்டிக்குள் இருப்பதைவிட ஏரியலில் இருப்பதே அதிகம். நூறு ஆண்டுகளுக்கு முன் வானொலி கேட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஏரியல் பெட்டிக்குள் ஒளிந்துகொண்ட பிறகு அடுத்த தலைமுறையினர் அதை மறந்தார்கள். வீடு முழுவதும் மின்னணுச் சாதனங்கள் நிறைந்த பின் இன்றைய ஆர்வலர்கள் பழைய பாடத்தையே மீண்டும் படிக்கிறார்கள். அந்தப் பாடத்தின் நடுவில் இருப்பது ஒரு மரச்சட்டமும் அதில் சுற்றிய சில மீட்டர் செப்புக் கம்பியும்.

மத்திய அலை என்பது ஏறத்தாழ 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிபரப்பு அலைப்பகுதி. நெட்டலை அதற்கும் கீழே, 148.5 முதல் 283.5 கிலோஹெர்ட்ஸ் வரை. நெட்டலையில் ஒலிபரப்பு நடந்தது ஐரோப்பாவிலும் அதையொட்டிய வட்டாரங்களிலும்தான். இந்தியாவிலும் இலங்கையிலும் அந்தப் பகுதி ஒலிபரப்புக்குப் பயன்படவில்லை. ஆகவே இங்கே விற்ற வால்வு வானொலிகளில் மத்திய அலைக்கு அடுத்து சிற்றலைப் பட்டைகளே இருந்தன. ஐரோப்பாவிலிருந்து யாராவது கொண்டுவந்த பெட்டியில் மட்டும் முகப்புக் கண்ணாடியில் லக்சம்பர்க், வார்சா என்று ஊர்ப்பெயர்கள் தனி வரிசையாக அச்சிட்டிருக்கும். அந்த வரிசையில் முள்ளை எங்கே நகர்த்தினாலும் நம் ஊரில் இரைச்சல்தான் வரும்.

கம்பியும் எர்த்தும்

முதல் வானொலிப் பெட்டிகளுக்குத் தன் பலம் என்று எதுவும் கிடையாது. படிக வானொலியில் மின்கலமே இல்லை. காதுக்கருவியை இயக்கும் ஆற்றல் முழுவதும் ஏரியல் வாங்கிய அலையிலிருந்தே வர வேண்டும். அந்தப் படிகத்தில் நமக்கும் பங்கு உண்டு. ஈயச் சல்பைடுப் படிகமான கலீனாவைக் கொண்டு அலைகளை உணரும் கருவிக்கு ஜகதீஷ் சந்திர போஸ் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். படிகம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, கம்பி நீளமாகவும் உயரமாகவும் இருக்க வேண்டும். எர்த் ஈரமண்ணில் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்.

பிரிட்டனில் பிபிசி 1922 நவம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கியபோது நிலையங்கள் பெருநகரங்களில் இருந்தன. கிராமத்தில் படிக வானொலி வைத்திருந்தவருக்கு ஒன்றும் எட்டவில்லை. அதற்குத் தீர்வாகவே 1925 ஜூலையில் டேவன்ட்ரி என்ற இடத்தில் நெட்டலை நிலையம் திறக்கப்பட்டது. நெட்டலை தரையைத் தழுவிச் செல்வது. மலையும் மேடும் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. பகலிலும் பல நூறு கிலோமீட்டர் போகும். 1934-இல் டேவன்ட்ரியின் இடத்தை டிராய்ட்விச் நிலையம் எடுத்துக்கொண்டது. 150 கிலோவாட் திறன், 1500 மீட்டர் அலைநீளம், ஏறத்தாழ 213 மீட்டர் உயரமுள்ள இரண்டு கோபுரங்கள். ஐரோப்பிய வானொலிகளில் பிரிட்டன் என்றால் நெட்டலை முள் நின்ற இடம் இதுதான்.

சென்னையில் 1924-இல் மதராஸ் மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பத் தொடங்கியது. பணம் இல்லாமல் 1927-இல் நின்றது. 1930-இல் சென்னை மாநகராட்சி அந்தப் பணியை எடுத்து நடத்தியது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், மறு ஆண்டு திருச்சி நிலையமும் வந்தன. அந்தக் காலத்து வீடுகளில் மொட்டைமாடியில் இரண்டு மூங்கில் கழிகளுக்கிடையே பீங்கான் கொட்டை கோத்த கம்பி ஓடும். வசதிப்பட்டவர்கள் கூடத்துக்குள்ளேயே செப்புக் கம்பியால் பின்னிய வலை ஏரியலைச் சுவருக்குச் சுவர் கட்டினார்கள். நாடா போன்ற அந்த வலையில் ஒட்டடை சேராமல் பார்த்துக்கொள்வது வீட்டுப் பிள்ளைகளின் வேலை. மழைக்காலத்தில் இடி இடித்தால் ஏரியல் கம்பியைப் பெட்டியிலிருந்து பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே போடுவதும் அப்படித்தான்.

நீளக் கம்பியின் குறை வால்வு வந்த பிறகு தெரிந்தது. பெட்டிக்குள்ளேயே ஒலியைப் பெருக்க முடிந்ததும் சமிக்ஞை போதாது என்ற கவலை குறைந்தது. ஆனால் கம்பி நிலையத்தை மட்டும் வாங்குவதில்லை. தொலைவில் எங்கோ வெட்டும் மின்னல், தெருவில் போகும் டிராம், பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாவற்றையும் வாங்கும். கம்பியை இரண்டு மடங்காக்கினால் நிலையமும் கூடும், இரைச்சலும் கூடும். காதுக்கு லாபம் இல்லை. 1920-களில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒலியைப் பெருக்க வேண்டி மீள்ஊட்டுத் திருகை அளவுக்கு மேல் திருப்பினால் வாங்கியே ஒரு சிறு ஒலிபரப்பியாகி, அதன் சீழ்க்கை ஏரியல் வழியாகவே தெரு முழுவதும் கேட்கும். அப்படிச் செய்ய வேண்டாம் என்று பிபிசி நேயர்களை மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டது.

ஆகவே கேள்வி மாறியது. எவ்வளவு வாங்குவது என்பதை விட்டு, எதை வாங்காமல் இருப்பது என்பதாயிற்று.

திசை அறியும் கம்பி

அமெரிக்காவில் ஹெரால்ட் பெவரேஜ் என்ற பொறியாளர் இதற்கு ஒரு விடை கண்டார். அட்லாண்டிக்கைக் கடந்து வரும் நெட்டலைத் தந்திகளை மின்னல் இரைச்சலிலிருந்து பிரிப்பது அவருடைய வேலை. உயரத்தில் கட்டாமல் தரையிலிருந்து சில மீட்டர் உயரத்திலேயே, நிலையம் இருக்கும் திசை நோக்கிப் பல கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்த கம்பி அந்தத் திசையை மட்டும் நன்றாகக் கேட்டது. 1921-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்தக் கம்பி இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆனால் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க நீளம் வேண்டும் என்பதால் வீட்டுக்காரருக்கு அது உதவாது. டிராய்ட்விச்சைக் கேட்க ஒன்றரைக் கிலோமீட்டர் நிலம் யாரிடம் இருக்கிறது?

வீட்டுக்குள் அடங்கும் விடைதான் சட்ட ஏரியல். கப்பல்களும் படைகளும் திசை காண்பதற்கு முன்பே பயன்படுத்திய முறை அது. மரச் சிலுவையில் சதுரமாகச் சில சுற்று கம்பி, இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு மாறு மின்தேக்கி. நம் மெக்கானிக்குகள் ‘கேங்’ என்று சொல்வது அதைத்தான். நீளக் கம்பி அலையின் மின்புலத்தால் இயங்குகிறது. சட்டமோ காந்தப்புலத்தால் இயங்குகிறது. அலையின் காந்தக்கோடுகள் சட்டத்தின் ஊடே புகுந்து சென்றால்தான் கம்பியில் மின்னழுத்தம் எழும். சட்டத்தின் விளிம்பு நிலையத்தை நோக்கினால் உச்சம். சட்டத்தின் முகம் நிலையத்தை நோக்கினால் எதுவும் இல்லை. வரைந்து பார்த்தால் 8 என்ற எண்ணின் வடிவம் வரும்.

அந்த வடிவத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. உச்சம் மழுங்கலானது. சட்டத்தை இருபது பாகை திருப்பினாலும் ஒலி குறைந்தது தெரியாது. சுழியோ கத்தி முனை போன்றது. இரண்டு மூன்று பாகைக்குள் நிலையம் மறைந்துவிடும். எனவே சட்டத்தை நிலையத்தைப் பிடிக்கத் திருப்புவதைவிட, தொல்லையை விடத் திருப்புவதே சரி. வேண்டாததைச் சுழியில் தள்ளினால் வேண்டியது பெரும்பாலும் தானே வந்து சேரும். நான் பார்த்தவரை சட்டம் செய்துவிட்டுப் பயனில்லை என்று மூலையில் போட்டவர்கள் எல்லாரும் உச்சத்தைத் தேடியவர்கள்.

சட்டத்தில் எழும் மின்னழுத்தம் அதன் பரப்பையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் பொறுத்துக் கூடும், அலைநீளம் கூடக்கூடக் குறையும். ஆகவே நெட்டலைக்குச் சட்டம் பெரிதாகவும் சுற்றுகள் அதிகமாகவும் வேண்டும். 1920-களின் அமெரிக்க சூப்பர்ஹெட்டரோடைன் பெட்டிகள் சிலவற்றின் தலைமீது இந்தச் சட்டம் ஒரு அலங்காரப் பொருள் போலவே நின்றது. பின்னர் நிலையங்களின் திறன் கூடி, சட்டம் அழகில்லை என்று ஒதுக்கப்பட்டது.

ஜெர்மன் சல்லடை

அதைத் திரும்பக் கொண்டுவந்தது போர். ஜெர்மனி 1940-இல் நெதர்லாந்தைப் பிடித்தது. லண்டனுக்குத் தப்பிச் சென்ற டச்சு அரசின் குரலாக பிபிசி வழியே ‘ரேடியோ ஒரான்யே’ அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கியது. அதைக் கேட்பது குற்றமாக்கப்பட்டது. கேட்பவர்களுக்கும் எட்டாதபடி அதே அலைவரிசையில் இரைச்சலை ஒலிபரப்பும் நிலையங்கள் நாட்டுக்குள் நிறுவப்பட்டன.

இரைச்சல் நிலையம் ஒரு திசையில், லண்டன் இன்னொரு திசையில். சட்ட ஏரியலுக்கு இது போதும். டச்சுக்காரர்கள் மரச்சட்டத்தில் கம்பி சுற்றி, மாறு மின்தேக்கி பொருத்தி, சிலர் ஒரு வால்வும் சேர்த்து வானொலிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இரைச்சல் மறையும்வரை திருப்பினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘மொஃபன்சேஃப்’. ‘மொஃப்’ என்பது ஜெர்மானியரை ஏளனமாகக் குறிக்கும் டச்சுச் சொல், ‘சேஃப்’ என்றால் சல்லடை. ஜெர்மன்காரனை அரித்து எடுத்துவிட்டு மிச்சத்தைத் தரும் சல்லடை. 1943 மே மாதம் வானொலிப் பெட்டிகளையே ஒப்படைக்க ஆணை வந்தது. அதன் பிறகு வைத்திருந்தவர்கள் ஒளித்துத்தான் வைத்திருந்தார்கள். சட்டத்தை அடுப்படியிலும் பரணிலும் மறைப்பது கூரைமேல் கம்பி கட்டுவதைவிட எளிது என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

போருக்குப் பின் இதே கருவி பிரான்ஸில் கடைச்சரக்கானது. பிரெஞ்சுக்காரர்கள் நெட்டலையை விரும்பிக் கேட்டவர்கள். லக்சம்பர்க் வானொலி 1933-இலிருந்து அதில் இருந்தது. 1955-இல் ‘யூரோப் 1’ ஜெர்மன் எல்லைக்கு அப்பால் சார் பகுதியிலிருந்து வந்தது. நகர வீடுகளில் மோட்டார், லிஃப்ட், குழல்விளக்கு இரைச்சல் தாங்கவில்லை. எனவே 1950-களில் இரைச்சல் ஒழிக்கும் சட்டங்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் பலவற்றை நிழற்படச் சட்டங்களாகவே செய்திருந்தார்கள். முன்புறம் குடும்பப் படமோ நடிகையின் படமோ. ஓரத்தைச் சுற்றி உள்ளே கம்பிச் சுருள். கீழே அலை பிடிக்கும் திருகு. இரைச்சல் வந்தால் அலமாரி மேலிருக்கும் அந்தப் படத்தை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்ப வேண்டும்.

ஏரியலால் தீராத தொல்லையும் உண்டு. 1933-இல் நெதர்லாந்தில் டெலகன் என்ற பொறியாளர் சுவிட்சர்லாந்தின் பெரோமுன்ஸ்டர் மத்திய அலை நிலையத்தைக் கேட்டபோது, பின்னணியில் முற்றிலும் வேறு அலைவரிசையில் இருந்த லக்சம்பர்க்கின் நிகழ்ச்சி கேட்டது. லக்சம்பர்க்கின் பெருந்திறன் வானத்தின் மின்னணு மண்டலத்தையே அசைத்து, அவ்வழியே சென்ற அடுத்த அலைமீது தன் ஒலியைப் பதித்திருந்தது. இதற்கு லக்சம்பர்க் விளைவு என்று பெயர். வந்த அலையிலேயே கலந்துவிட்டதை எந்தச் சல்லடையும் பிரிக்காது.

பெட்டிக்குள் போன ஏரியல்

நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவனில் பிலிப்ஸ் ஆய்வகத்தில் ஸ்னூக் என்பவர் 1940-களில் ஃபெரைட் என்ற பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். இரும்பு ஆக்சைடோடு வேறு உலோக ஆக்சைடுகளைச் சேர்த்துச் சுட்ட, மட்பாண்டம் போன்ற கரிய பொருள் அது. காந்தக்கோடுகளைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும், ஆனால் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. விரல் தடிமன் தண்டில் கம்பி சுற்றினால் அது தன் பருமனைவிடப் பல மடங்கு பெரிய சட்டத்தின் வேலையைச் செய்தது. 1950-களின் ஜெர்மன் வால்வு வானொலிகளில் இந்தத் தண்டைப் பெட்டிக்குள் வைத்து, முன்புறத் திருகு ஒன்றால் சுழற்றும் வசதியும் இருந்தது. என் பார்வையில் வீட்டு வானொலி எட்டிய மிக நேர்த்தியான நிலை அதுதான். பின்னர் வந்த விலை உயர்ந்த டியூனர்கள் பலவற்றில் அது இல்லை.

டிரான்சிஸ்டர் வந்ததும் சுழற்றும் வசதி தேவைப்படவில்லை, பெட்டியையே திருப்பலாம். நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் செய்ததுதான். நான் வளர்ந்தது வேதாரண்யம் பக்கம். எங்களுக்குத் திருச்சி ஏறத்தாழ மேற்கே, கொழும்பு நேர் தெற்கே. அப்பா திண்ணையில் டிரான்சிஸ்டரைத் தெற்கு பார்க்க வைத்தால் இலங்கை வானொலி கணீரென்று வரும். செய்தி நேரத்தில் கால் வட்டம் திருப்பினால் திருச்சி. பெட்டிக்குள் தண்டு நீளவாக்கில் படுத்திருக்கிறது, அதன் பக்கவாட்டு நிலையத்தை நோக்கினால் உச்சம், நுனி நோக்கினால் சுழி என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ‘காத்து அந்தப் பக்கம்’ என்று அப்பா சொல்வார். பள்ளியில் காந்தவியல் நடத்தத் தொடங்கிய பிறகுதான் அந்தத் திண்ணை எனக்கு விளங்கியது. பிறகு ஆண்டுதோறும் ஒரு டிரான்சிஸ்டரை வகுப்புக்குக் கொண்டுபோய் மேசையில் சுற்றிக் காட்டியிருக்கிறேன்.

டியூனர் என்பது ஒலிபெருக்கி இல்லாத, உயர்தர ஒலிக்கருவியோடு இணைக்கும் வாங்கி. 1960-களுக்குப் பின் அதன் தயாரிப்பாளர்கள் பண்பலை ஸ்டீரியோவில்தான் கவனம் செலுத்தினார்கள். மத்திய அலையும் நெட்டலையும் பெயருக்கு இருந்தன. ஃபெரைட் தண்டைப் பின்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் கீலில் மாட்டினார்கள். பலர் அதை விரித்து வைக்காமல், உலோகப் பெட்டியோடு ஒட்டியபடியே வைத்திருந்தார்கள். உலோகம் பக்கத்தில் இருந்தால் தண்டு பாதி செத்ததுதான். பிந்தைய டியூனர்களில் தண்டும் போய், உள்ளங்கை அகல பிளாஸ்டிக் சட்டம் ஒன்று பெட்டியோடு வந்தது. சட்ட ஏரியலே திரும்பி வந்ததாகச் சொல்லலாம். ஆனால் அது ஒரு பொம்மை அளவு.

பழைய டியூனரில் இன்று

முதல் வேலை இரைச்சல் எங்கிருந்து என்று பார்ப்பது. மின்கலத்தில் ஓடும் சிறிய டிரான்சிஸ்டர் ஒன்றை நிலையம் இல்லாத இடத்தில் வைத்து வீட்டு மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இரைச்சல் நின்றால் தொல்லை நம் வீட்டிலேயே இருக்கிறது. கைப்பேசி சார்ஜர், எல்இடி விளக்கு, மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஆள் அகப்படும். டியூனரைத் தயாரித்த காலத்தில் இவை எதுவும் வீட்டில் இல்லை. பெட்டி கெடவில்லை, அதைச் சுற்றிய வீடு மாறிவிட்டது.

அடுத்து, தண்டோ பிளாஸ்டிக் சட்டமோ பெட்டியிலிருந்து எட்ட இருக்க வேண்டும். பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றிவிட்டு வேறு சட்டத்தை நேரடியாக மாட்டக் கூடாது. பல டியூனர்களில் அந்தச் சட்டம் உள்ளிருக்கும் அலைதேர் சுற்றின் ஒரு பாகம். மாற்றினால் முள் காட்டும் இடமும் நிலையம் வரும் இடமும் ஒத்துப்போகாது. அதற்குப் பதிலாக மத்திய அலைக்கு ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தில் அரை சென்டிமீட்டர் இடைவெளிவிட்டு ஒன்பது சுற்று கம்பி, 365 பிக்கோஃபாரட் கேங் ஒன்று போதும். 60 சென்டிமீட்டர் சட்டமானால் பதின்மூன்று சுற்று. நெட்டலைக்குச் சுற்றுகளை மூன்றரை மடங்குக்கும் மேல் கூட்ட வேண்டும். இந்தச் சட்டத்துக்கும் டியூனருக்கும் கம்பி இணைப்பே வேண்டாம். டியூனரின் தண்டுக்கு அல்லது சிறு சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து, கேங்கைத் திருப்பினால் ஓரிடத்தில் நிலையம் திடீரென்று எழும். அங்கே நிறுத்தி, பிறகு சட்டத்தைச் சுழற்றித் தொல்லையைச் சுழியில் தள்ள வேண்டும்.

எர்த் பற்றி ஓர் எச்சரிக்கை. மின்மாற்றி இல்லாத பழைய வால்வுப் பெட்டிகளில் உலோகச் சட்டகத்திலேயே மின்சாரம் ஏறியிருக்கும். அவற்றில் ஏரியலையோ எர்த்தையோ நேராக இணைப்பது உயிருக்கு ஆபத்து. மின்மாற்றி உள்ள டியூனரானாலும் வீட்டுச் சுவிட்சுப் பலகையின் எர்த் கம்பி இரைச்சல் சுமந்து வரும். வானொலிக்குத் தனியாக மண்ணில் இறக்கியது நல்லது. டியூனருக்குள் மெழுகு வைத்து அடைத்திருக்கும் சுருள்களைத் திருகிப் பார்ப்பவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த எண்முகப்பு டியூனராக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே நிலையங்களுக்கிடையே 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, நமக்கும் ஐரோப்பாவுக்கும் 9. சென்னையின் 720 இரண்டு வரிசையிலும் வரும், திருச்சியின் 936 வராது. சில பெட்டிகளின் பின்புறத்தில் இதை மாற்ற ஒரு சிறு சுவிட்சு இருக்கும். ஐரோப்பாவில் 1978 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஜெனீவா அலைவரிசைத் திட்டத்தையொட்டித்தான் டிராய்ட்விச்சும் 1988-இல் 200-லிருந்து 198 கிலோஹெர்ட்ஸுக்கு நகர்ந்தது.

மூடிய நிலையங்கள்

நெட்டலையில் இப்போது கேட்பதற்கு மிச்சம் குறைவு. ஜெர்மனியின் டாய்ச்லாண்ட்ஃபுங்க் 2014 முடிவில் நெட்டலையை விட்டது. பிரான்ஸ் இன்டர் 2016 முடிவிலும், யூரோப் 1 2019 முடிவிலும் விட்டன. லக்சம்பர்க்கின் ஆர்டிஎல் 2023 புத்தாண்டில் நின்றது. அயர்லாந்தின் ஆர்டிஇ 252 கிலோஹெர்ட்ஸை 2014-இலேயே மூடப் பார்த்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் இளமையில் பிழைப்புக்காக இங்கிலாந்து சென்று அங்கேயே முதுமையடைந்த ஐரிஷ்காரர்கள். ஊர்ச் செய்தியும் ஞாயிறு வழிபாடும் அவர்களுக்கு அந்த ஒரு முள்ளில்தான் இருந்தன. எதிர்ப்பால் முடிவு தள்ளிப்போனது, 2023 ஏப்ரலில் நடந்தேவிட்டது. 2024-இல் பிபிசியும் நெட்டலைக்கென்றே நடத்திய தனி நிகழ்ச்சிகளை நிறுத்தியது.

பிரான்ஸின் அலூயி நிலையம் மட்டும் விசித்திரமான நிலையில் இருக்கிறது. 162 கிலோஹெர்ட்ஸில் நிகழ்ச்சி நின்ற பிறகும் நாட்டின் கடிகாரங்களுக்கு நேரம் சொல்வதற்காக அலை மட்டும் தொடர்ந்து சென்றது. ஐரோப்பாவில் பழைய டியூனரையும் நல்ல சட்டத்தையும் வைத்திருந்தவர் அந்த இடத்துக்கு வந்தால் இரைச்சல் அடங்கும், சமிக்ஞை காட்டும் முள் வலப்பக்கம் ஏறி நிற்கும், பேச்சோ பாட்டோ எதுவும் வராது.